பட்டம் இருக்கிறது, மாடிப்படி வரையத் தெரியவில்லை: ஓர் இளம் கட்டடக் கலைஞரின் கேள்வி

கேள்வி: ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டப்படிப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்தேன். இறுதியாண்டு தீசிஸுக்குப் பரிசும் கிடைத்தது. எட்டு மாதங்களாக நடுத்தர அளவுள்ள ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு மாடிப்படிக்கு ஒர்க்கிங் டிராயிங் (கட்டுவதற்கான விரிவான வரைபடம்) போடச் சொன்னார்கள். அங்கே பல ஆண்டுகளாகப் பணியாற்றும் டிராஃப்ட்ஸ்மேன் (வரைவாளர்) ஒருவர் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "முதல் படியும் கடைசிப் படியும் தப்பு" என்று திருப்பித் தந்தார். ஏன் தப்பு என்றே எனக்கு அப்போது விளங்கவில்லை. அளவுப் பட்டியல் (எந்தப் பொருள் எவ்வளவு தேவை என்ற கணக்கு), அனுமதி விதிகள், ஒப்பந்ததாரர் அனுப்பும் கேள்விகள் என எதை எடுத்தாலும் இதே நிலைதான். என்னுடைய ஐந்தாண்டுகள் வீணா? மேற்படிப்புக்குப் போனால் இந்தக் குறை தீருமா? என் தங்கையும் இதே படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?

பதில்: இளம் பட்டதாரிகள் பலர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பதுண்டு. பெரும்பாலானவர்கள் "கல்லூரியில் ஒன்றும் சொல்லித்தரவில்லை" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் ஒரு மாடிப்படியைக் குறிப்பிட்டு எழுதியிருப்பதால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கிறது. உங்கள் ஐந்தாண்டுகள் வீணாகவில்லை என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அந்தப் படிப்பு ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அது எந்த இடம் என்று சரியாக அறிந்துகொள்ளாவிட்டால், தேவையில்லாத பாடங்களைத் தேடிப் போய்க் காலத்தையும் பணத்தையும் செலவிட நேரும். ஆகவே அந்த மாடிப்படியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு தளத்திலிருந்து அடுத்த தளம் வரை 3000 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 20 படிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 150 மி.மீ. வகுப்பில் இந்த வகுத்தலோடு கணக்கு முடிந்துவிடும். நீங்களும் கான்கிரீட் படிகள் எல்லாவற்றையும் 150 என்றே குறித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இனி, தளங்களின் மேல் கலவையும் கல்லுமாகச் சேர்ந்து 75 மி.மீ. கனம் வருகிறது என்றும், படிகளின் மேல் 40 மி.மீ. மட்டுமே வருகிறது என்றும் கொள்ளுங்கள். கீழ்த்தளம் 75 உயர்ந்துவிட, முதல் படி 40 மட்டுமே உயர்வதால், ஏறுகிறவருக்குக் கிடைக்கும் முதல் படியின் உயரம் 115. நடுவிலுள்ள படிகள் 150. மேல்தளம் 75 உயர, அதற்குக் கீழுள்ள படி 40 மட்டுமே உயர்ந்திருப்பதால், கடைசிப் படி 185. ஒரே படிக்கட்டில் மூன்று உயரங்கள் வந்துவிட்டன. மனிதனின் கால் இரண்டு மூன்று படிகளிலேயே ஓர் அளவைப் பழகிக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தை நம்பி எடுத்துவைக்கும் கடைசி அடியில் 35 மி.மீ. கூடியிருந்தால் ஏறுகிறவர் இடறுவார். இறங்குகிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதைத் தவிர்க்க, கான்கிரீட்டில் முதல் படியை 185 ஆகவும் கடைசிப் படியை 115 ஆகவும் வார்க்க வேண்டும். கல் பதித்து முடித்தபின் எல்லாப் படிகளும் 150 ஆகிவிடும். உங்கள் டிராஃப்ட்ஸ்மேன் ஒரு நிமிடத்தில் கண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கணக்கில் பள்ளிச் சிறுவனுக்குத் தெரியாத கணிதம் எதுவும் இல்லை. உங்களைவிட அவர் புத்திசாலி என்பதாலும் அவர் அதைக் கண்டுவிடவில்லை. அவர் வரைந்த படங்களை வைத்து யாரோ கட்டியிருக்கிறார்கள். கட்டியவர்கள் திரும்பி வந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். சில இடங்களில் இடித்தும் இருப்பார்கள். உங்கள் ஐந்தாண்டுகளில் நீங்கள் வரைந்த நூற்றுக்கணக்கான தாள்களில் ஒன்றைக்கூட ஒருவர் கையில் வைத்துக்கொண்டு ஒரு செங்கல்லை எடுத்து வைத்ததில்லை. கட்டடக்கலைக் கல்விக்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள பள்ளம் என்று பலரும் பலவிதமாகச் சொல்வதன் வேர் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

கல்லூரியில் உங்கள் வரைபடத்தின் வாசகர் ஜூரியில், அதாவது மாணவர் படைப்பை மதிப்பிடும் நடுவர் குழுவில், அமர்ந்திருப்பவர். அவர் அதைச் சுவரில் மாட்டச் சொல்லி, சற்றுத் தள்ளி நின்று, உங்கள் எண்ணம் என்ன என்று தேடுகிறார். கட்டுமான இடத்தில் வாசகர்கள் வேறு. கான்கிரீட் வார்ப்பதற்கான அச்சாகிய சென்ட்ரிங் போடுபவருக்குக் கான்கிரீட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். கல் பதிப்பவருக்குப் பூச்சின் மட்டம் தெரிய வேண்டும். குழாய் போடுபவருக்குச் சுவரில் எந்த உயரத்தில் துளை என்று தெரிய வேண்டும். அனுமதி வழங்கும் அதிகாரிக்கு உங்கள் எண்ணத்தில் அக்கறை இல்லை. வெளியேறும் வழியின் அகலம் விதிப்படி இருக்கிறதா என்பதே அவருடைய கேள்வி. விலை குறிக்கும் ஒப்பந்ததாரரோ நீங்கள் வரையாமல் விட்டதை எல்லாம் கவனித்துக்கொள்கிறார், ஏனெனில் விடுபட்டவை நாளை கூடுதல் வேலை என்ற பெயரில் கட்டடத்தின் உரிமையாளர் தலையில் விழும். இத்தனை பேரும் உங்களிடம் எதுவும் கேட்காமல், நீங்கள் அருகில் இல்லாதபோதும், அந்தத் தாளை மட்டும் பார்த்துத் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். ஜூரியில் நீங்கள் அருகில் நின்று விளக்கம் சொன்னீர்கள். இங்கே தாள் தனியாகப் போகிறது.

இந்தப் பள்ளத்தை மென்பொருள் தெரியாத குறையாக எடுத்துக்கொள்பவர்கள் மிகப் பலர். ஆட்டோகேட், ரெவிட் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சான்றிதழ் வகுப்புகளில் சேர்கிறார்கள். கருவி பழகுவது நல்லதே. ஆனால் முதல் படி 185 என்று ரெவிட் தானாக உங்களுக்குச் சொல்லாது; தளத்துக்கும் படிக்கும் பூச்சுக் கனம் வேறு என்று உங்களுக்குத் தோன்றினால்தான் அதில் அந்த எண்ணை இடுவீர்கள்.

இனி, வீணாகவில்லை என்று நான் ஏன் உறுதியாகச் சொல்கிறேன் என்பதையும் விளக்க வேண்டும். வடிவமைப்புப் பயிற்சி வகுப்பான ஸ்டுடியோ கற்பிக்கும் ஒன்றை அலுவலகத்தில் கற்பது மிகக் கடினம். ஒன்றோடொன்று மோதும் தேவைகளை, எதற்கு முன்னுரிமை என்று யாரும் சொல்லாத நிலையில், ஒரே வடிவத்துக்குள் கொண்டுவரும் திறமையைச் சொல்கிறேன். வெளிச்சம் வேண்டும், வெப்பம் கூடாது. அறைகள் தனித்திருக்க வேண்டும், வழிநடை நீளக் கூடாது. தூண்கள் ஒழுங்காக நிற்க வேண்டும், கூடம் திறந்திருக்க வேண்டும். இவற்றுக்கு நடுவே ஒரு முடிவெடுத்து, அது தவறென்று தெரிந்ததும் மூன்று வார உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கும் துணிவும், பலர் முன்னிலையில் விமர்சனத்தைக் கேட்டுத் தாங்கும் பக்குவமும் உங்களுக்கு அங்கே வந்தன. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அலுவலகம் இந்தத் திறமையைக் கேட்காது; அதனால் அது உங்களிடம் இருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போகிறது. ஒரு கட்டடத்தை நீங்களே பொறுப்பேற்று நடத்தும்போது, மனை அளவு மாறி, பட்ஜெட் குறைந்து, அமைப்புப் பொறியாளர் ஒரு தூணை நகர்த்தச் சொல்லும் நாளில், திட்டத்தின் உயிர் கெடாமல் அதைத் திருத்தி அமைப்பவர் ஸ்டுடியோவில் உழைத்தவராகத்தான் இருப்பார். படிகளை உங்களைவிட நன்றாக வரையும் டிராஃப்ட்ஸ்மேன், அந்த மாடிப்படி கட்டடத்தின் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்ற கேள்வியை உங்களிடமே கொண்டுவருவார். இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க நிறையவே இருக்கிறது.

இப்படிப் பாதி ஓரிடத்திலும் பாதி வேறோரிடத்திலும் கற்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டு வரை பல நாடுகளில் இந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஓர் அலுவலகத்தில் பயிலுநராகச் சேர்ந்து, மூத்தவரின் படங்களை நகலெடுத்துக் கற்றவர்கள். அவர்களுக்குக் கட்டத் தெரிந்தது. ஆனால் தம் ஆசிரியருக்குத் தெரியாத எதுவும் அவர்களுக்கும் தெரியாமல் போயிற்று. பாரிஸின் எகோல் தெ போஸார் என்ற நுண்கலைப் பள்ளியில் மாணவர்கள் தொழில் செய்யும் கலைஞர்களின் பட்டறைகளில் பயின்று, போட்டிகளுக்குப் படம் வரைந்து, நடுவர் குழுவின் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். நம் வகுப்பறைகளில் இருக்கும் ஸ்டுடியோ, ஜூரி ஆகிய இரண்டுக்கும் மூலம் அதுவே. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கழகம் 1868-இல் கட்டடக்கலை வகுப்புகளைத் தொடங்கியது. பிரிட்டனில் 1958-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய மாநாடு, கட்டடக்கலைக் கல்வியைப் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுசெல்லவும் பயிலுநர் முறையையும் பகுதிநேர வகுப்புகளையும் கைவிடவும் பரிந்துரைத்தது. ஆய்வும் கோட்பாடும் அறிவியலும் இதனால் படிப்புக்குள் வந்தன. அந்த ஆதாயம் சிறியதன்று. ஆனால் படத்தை வைத்துக் கட்டுகிறவர் மாணவனின் பார்வையிலிருந்து மறைந்ததும் இந்த மாற்றத்தோடு சேர்ந்தே நடந்தது.

பட்டம் மட்டும் போதாது என்பதைத் தொழில் அமைப்புகள் வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. யுனெஸ்கோவும் சர்வதேசக் கட்டடக் கலைஞர் சங்கமும் சேர்ந்து 1996-இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திவரும் கல்விச் சாசனம், குறைந்தது ஐந்தாண்டு முழுநேரப் படிப்புக்குமேல் இரண்டாண்டு அலுவலக அனுபவத்தையும் கேட்கிறது. பிரிட்டனில் நெடுங்காலமாக இருந்துவந்த முறையில், பட்டங்களுக்குப் பிறகு மூன்றாம் கட்டத் தேர்வை எழுதுகிறவருக்குக் குறைந்தது 24 மாத நடைமுறை அனுபவம் வேண்டியிருந்தது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின்படி அங்கீகரிக்கப்பட்ட ஐந்தாண்டுப் பட்டம் பெற்றவர் நேரடியாகவே பதிவு செய்துகொள்ளலாம். அலுவலக அனுபவம் என்பது படிப்புக்குள்ளேயே வரும் ஓர் அரையாண்டுப் பயிற்சியோடு முடிந்துவிடுகிறது. பதிவு எளிதாக இருக்கும் நாட்டில் வாழும் பட்டதாரிக்குப் பொறுப்பு அதிகம் என்றே நான் சொல்வேன். மற்ற நாடுகளில் சட்டம் கட்டாயப்படுத்திக் கற்பிப்பதை அவர் தாமாக முன்வந்து கற்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் உரிமம் பெற விரும்புகிறவர் பதிவு செய்ய வேண்டிய 3,740 மணி நேர அனுபவத்தின் பங்கீட்டை நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒருமுறை கவனித்துப் பார்க்க வேண்டும். திட்டமிடலுக்கும் வடிவமைப்புக்கும் 1,080 மணி நேரம். விரிவான வரைபடங்களும் விவரக்குறிப்புகளும் தயாரிப்பதற்கு 1,520. திட்ட மேலாண்மைக்கு 360, கட்டுமானக் காலப் பணிக்கு 360, தேவைகளை ஆராய்வதற்கு 260, நிறுவன நிர்வாகத்துக்கு 160. கல்லூரியில் உங்கள் இரவுகளை எல்லாம் எடுத்துக்கொண்ட வடிவமைப்புக்கு இங்கே மூன்றில் ஒரு பங்குகூட இல்லை; ஐந்தில் இரண்டு பங்கு, பிறர் படித்துக் கட்டுவதற்கான ஆவணங்களுக்குப் போகிறது. எட்டு மாதமாக உங்களுக்கு இருந்துவரும் அயர்ச்சிக்கு இந்த எண்களே விளக்கம். தொழிலின் பெரும்பகுதியை நீங்கள் இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறீர்கள்.

இது வெறும் அலுவலகத் திறமை பற்றிய விஷயமன்று. உயிர்கள் இதில் அடங்கியிருக்கின்றன. 1981 ஜூலையில் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாத் ரீஜன்ஸி ஓட்டலின் கூடத்துக்கு மேலே தொங்கிய நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மூல வடிவமைப்பில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி நான்காம் தளப் பாலத்தின் உத்திரத்தைத் துளைத்துச் சென்று, கீழே இரண்டாம் தளப் பாலத்தையும் தாங்குவதாக இருந்தது. அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது சிரமம் என்பதால், எஃகு வேலை செய்தவர்களின் ஷாப் டிராயிங்கில் (பாகங்களைச் செய்வதற்காக அவர்கள் வரையும் விவரப் படத்தில்) அது இரண்டு கம்பிகளாக மாறியது: ஒன்று கூரையிலிருந்து மேல் பாலம் வரை, இன்னொன்று மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலம் வரை. படத்தில் பார்க்கிறவருக்கு மிகச் சிறிய மாற்றம்தான். ஆனால் கீழ்ப் பாலம் இப்போது மேல் பாலத்தின் உத்திரத்தில் தொங்கியது. அந்த உத்திரத்தின் அடியிலிருந்த மரையாணி தாங்க வேண்டிய சுமை இரட்டிப்பானது. மூல வடிவமைப்பே விதிகள் கேட்ட வலிமையை எட்டவில்லை என்பதும் விசாரணையில் தெரியவந்தது. அந்த ஷாப் டிராயிங் பொறியாளர் அலுவலகத்துக்கு வந்து, ஒப்புதல் முத்திரையோடு திரும்பிப் போயிருந்தது. அந்தப் பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள். ஒப்பந்ததாரர் அனுப்பும் ஷாப் டிராயிங்கை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை உங்களைப் போன்ற இளையவர்களின் மேசைக்குத்தான் முதலில் வருகிறது. அது அலுப்பூட்டும் வேலை என்று எண்ணி வேகமாகப் புரட்டிவிடாதீர்கள். கம்பிகளைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் பொறியாளர்தான், ஆனால் "மூலப் படத்தில் ஒன்று, இதில் இரண்டு, ஏன்?" என்று கேட்பதற்கு உங்களுக்கு எந்தத் தகுதியும் குறைவில்லை.

லண்டனில் 2017-இல் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்ததையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதன் புதுப்பிப்புப் பணியில் வெளிச்சுவரில் பொருத்தப்பட்ட எரியக்கூடிய பலகைகள் தீயை மேலே கொண்டுசென்றன. 2024 செப்டம்பரில் வந்த இறுதி விசாரணை அறிக்கை, குற்றத்தைப் பலர் மீது பகிர்ந்து வைத்தாலும், கட்டடக் கலைஞர்களையும் விட்டுவிடவில்லை. அவர்களுடைய கல்வியிலும் பயிற்சியிலும் ஏற்கெனவே செய்யப்பட்ட மாற்றங்கள் போதுமானவையா என்று மறுபடி ஆராயுமாறு அந்நாட்டுத் தொழில் அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது. ஒரு பலகையின் நிறத்தையும் பளபளப்பையும் தேர்ந்தெடுக்க ஸ்டுடியோவில் கற்கிறோம். அது எப்படி எரியும் என்று கேட்க எங்கே கற்கிறோம்?

ஆகவே கல்லூரிகளின் மேல் எனக்கும் குறை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. பொறுப்பைச் சுமந்து முடிவெடுக்கும் அனுபவத்தைக் கல்லூரியால் தர முடியாது. தராததற்காக அதைக் குற்றம் சொல்வது முறையுமன்று. ஆனால் ஒரு வரைபடம் கட்டளையாகவும் இருக்க வேண்டும் என்பதை முதலாண்டிலேயே கற்பிக்க முடியும். ஒரு மாணவர் வரைந்த சிறிய பெஞ்சின் படத்தை, அவரைப் பேசவிடாமல், இன்னொரு மாணவரிடம் கொடுத்து உண்மையான அளவில் செய்யச் சொன்னால் போதும். எந்த அளவு விடுபட்டது என்பது அரை நாளில் இருவருக்கும் தெரிந்துவிடும். இதற்குப் பெரிய செலவும் இல்லை, பல்கலைக்கழகத்தின் அனுமதியும் தேவையில்லை. இதையே மிகப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் மாக்பீயும் டி.கே. ரூத்தும் 1993-இல் தொடங்கிய ரூரல் ஸ்டுடியோ. இளநிலை மாணவர்கள் அலபாமாவின் ஏழைக் கிராமப்புறத்தில் தாங்கள் வரைந்த வீடுகளையும் பொதுக்கட்டடங்களையும் தாங்களே கட்டுகிறார்கள்; வரைந்தவரும் கட்டுகிறவரும் அங்கே ஒருவரே. சின்சினாட்டி பல்கலைக்கழகம் 1906-இல் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கிய, வகுப்பும் வேலையும் மாறி மாறி வரும் முறை பின்னர் அங்கே கட்டடக்கலைக்கும் வந்தது. எல்லாக் கல்லூரிகளும் இப்படி மாற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தொழில் நடைமுறை என்ற பாடத்தை இறுதியாண்டில், தீசிஸ் நெருக்கடிக்கு நடுவே, குறிப்பேட்டில் எழுதிப் படிக்கும் ஒன்றாக வைப்பதை நிறுத்தலாம். அமைப்பியல், மின்சாரம், குடிநீர், தீயணைப்பு ஆகியவற்றைத் தனித் தேர்வுத்தாள்களாக வைப்பதோடு நில்லாமல், வடிவமைப்பு ஜூரியிலேயே ஒரு பொறியாளரையும் ஒரு கட்டுநரையும் உட்கார வைக்கலாம். இவை நடக்காததற்கு நல்ல காரணம் எதையும் என்னால் காண முடியவில்லை.

அலுவலகங்களும் தங்கள் பங்கைச் சரியாகச் செய்வதில்லை. பயிற்சிக்கு வரும் மாணவரைப் பல மாதங்கள் கட்டடத்தின் தோற்றப் படங்களைக் கணினியில் ரெண்டர் செய்வதிலும் பிரசென்டேஷன் தாள் அடுக்குவதிலும் உட்கார வைத்துவிட்டு, பட்டம் பெற்று வந்ததும் "உனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று கேட்பது நியாயமில்லை. படம் வேகமாக வெளியே போக வேண்டிய நெருக்கடியில் மூத்தவர்கள் தவற்றைத் தாங்களே திருத்திவிடுகிறார்கள். திருத்தியதற்கான காரணத்தைச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை. உங்கள் டிராஃப்ட்ஸ்மேன் திருத்தாமல் திருப்பித் தந்தாரே, அதற்காக அவருக்கு நன்றி சொல்லுங்கள். காரணத்தையும் கேட்டிருந்தால் அவர் மகிழ்ச்சியோடு சொல்லியிருப்பார் என்பது என் நம்பிக்கை. பட்டதாரி தன்னிடம் கேட்கத் தயங்குகிறார் என்பது அனுபவமுள்ள வரைவாளர்கள் எல்லாருக்கும் தெரியும். கேட்கிறவரை அவர்கள் மறப்பதும் இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைப் பற்றி. அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு சிறிய கட்டடத்தையாவது, அது ஒரு வீடோ ஒரு கடையின் உள் அலங்காரமோ எதுவாயினும், அனுமதி விண்ணப்பத்திலிருந்து சாவி ஒப்படைப்பு வரை முழுமையாகப் பின்தொடர வேண்டும் என்று உங்கள் நிறுவனத் தலைவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். பெரிய திட்டத்தில் கழிப்பறைப் படங்களை மட்டும் இரண்டாண்டு வரைவதைக் காட்டிலும் இதில் நீங்கள் கற்பது பல மடங்கு. கட்டுமான இடத்துக்குப் போகும்போது நீங்கள் வரைந்த தாளையே கையில் எடுத்துப் போங்கள். அதை வைத்து வேலை செய்பவர் எங்கே நின்று யோசிக்கிறார், எந்த அளவை ஸ்கேலை வைத்து அளந்து பார்க்கிறார், எதைத் தொலைபேசியில் கேட்கிறார் என்று கவனியுங்கள். அவர் அளந்து பார்த்த இடத்தில் நீங்கள் ஓர் அளவு எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். ஒப்பந்ததாரர் எழுத்தில் அனுப்பும் கேள்விகளையும் அவற்றுக்கு உங்கள் அலுவலகம் தந்த பதில்களையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஓராண்டில் அது எந்தப் பாடநூலும் தராத பாடத்திட்டமாகிவிடும்.

வரைபடப் பதிவேட்டையும் ஒருநாள் எடுத்துப் பாருங்கள். எந்தப் படம், எத்தனையாவது திருத்தம், எந்தத் தேதியில், யாருக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். திருத்திய படம் அலுவலகத்தில் இருக்க, பழைய படத்தை வைத்துச் சுவர் எழும்பிவிடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் விபத்து. திருத்தியது எது என்று படத்திலேயே வட்டமிட்டுக் காட்டி, திருத்த எண்ணையும் தேதியையும் எழுதும் பழக்கம் உங்கள் கைக்கு இப்போதே வந்துவிட வேண்டும்.

விதிகளை ஒரேயடியாகப் படிக்க முயலாதீர்கள், மனதில் நிற்காது. இந்த வாரம் மாடிப்படி வரைகிறீர்கள் என்றால், மாடிப்படியின் அகலம், படி உயரம், கைப்பிடி, தீ விபத்தின்போது வெளியேறும் தூரம் ஆகியவை பற்றி உங்கள் ஊர் விதிகள் சொல்வதை மட்டும் படியுங்கள். கதவு வரையும் வாரத்தில் கதவு. ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகளையும் அவ்வாறே, ஒரு கேள்வி எழும்போது அதற்குரிய பிரிவைத் தேடிப் படித்துப் பழகுங்கள். அளவுப் பட்டியலை அஞ்சுகிறவர்கள் ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு, தங்கள் படத்திலிருந்தே செங்கல், பூச்சு, தரை, கதவு என்று கையால் கணக்கிட்டுப் பார்த்து, அலுவலகத்தின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். படத்தில் எது போதவில்லை என்பதை அளவெடுப்பவரின் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஓராண்டு முடிந்தபின்னும் கட்டுமான இடத்துக்கு உங்களை அனுப்பவே மறுக்கிறார்கள், கேட்டாலும் விளக்கம் இல்லை என்றால், வேறு நிறுவனம் தேடுவதில் தவறில்லை. அதற்கு முன் மாறாதீர்கள்.

மேற்படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நகர வடிவமைப்பு, மரபுக் கட்டடப் பாதுகாப்பு, நிலத்தோற்றக் கலை போன்ற முதுநிலைப் படிப்புகள் உங்கள் கல்லூரி தந்த பாதியை ஆழப்படுத்தும். தராத பாதியை அவை நிரப்ப மாட்டா. அங்கேயும் உங்கள் படத்தைப் படிக்கப்போகிறவர் ஜூரியில் இருப்பவரே. இப்போதுள்ள சங்கடத்திலிருந்து தப்பிக்க மேற்படிப்புக்குப் போனால், இரண்டாண்டு கழித்து இதே மாடிப்படியின் முன்னால், கூடுதல் எதிர்பார்ப்புகளோடு நிற்க வேண்டியிருக்கும். கட்டுமான மேலாண்மையில் முதுநிலைப் படிப்பு இதற்குச் சற்று விலக்கு, ஆனால் அதுவும் சில ஆண்டு அனுபவத்தோடு போகிறவருக்கே முழுப் பயன் தரும். தொழில் உங்களுக்குள் ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கு அலுவலகத்தில் விடை இல்லை என்று நீங்கள் உணரும் காலம் வரும். அப்போது போங்கள்.

உங்கள் தங்கை தாராளமாகச் சேரட்டும், கல்லூரியைச் சில கேள்விகளோடு தேர்ந்தெடுத்தால் போதும். வடிவமைப்பு கற்பிக்கும் ஆசிரியர்களில் எத்தனை பேர் இப்போதும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மாணவர்கள் கையால் செய்து பார்க்கப் பட்டறை இருக்கிறதா, அது திறந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கண்காட்சியில் வைத்திருக்கும் வண்ணத் தாள்களை ரசித்துவிட்டு, மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவர்களின் ஒர்க்கிங் டிராயிங் தாள்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எட்டு மாத அனுபவத்தில் அவற்றை மதிப்பிட உங்களுக்கு இப்போது தெரியும். முன்னாள் மாணவர்கள் அரையாண்டுப் பயிற்சிக்கு எங்கே போனார்கள், அங்கே என்ன வேலை செய்தார்கள் என்று அவர்களிடமே பேசிப் பாருங்கள். செய்ததைக் கலைத்து மறுபடி செய்வதில் அவளுக்கு எரிச்சல் வருமா, ஆர்வம் வருமா என்பதையும் அவளே யோசிக்கட்டும், ஏனெனில் ஐந்தாண்டும் அதுதான் வேலை. பயிற்சிக்கு நிறுவனம் தேடும் நாள் வரும்போது, அதன் பெயரையும் இணையத்திலுள்ள படங்களையும் மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், கட்டப்பட்டுவரும் ஒரு கட்டடத்துக்கு வாரம் ஒருமுறையாவது தன்னை அழைத்துப் போவார்களா என்று முதல் சந்திப்பிலேயே கேட்கச் சொல்லுங்கள்.